கொழுப்புத் தீவனமும் ஆண் கால்நடைகளின் இனப்பெருக்கத் திறனும்

கொழுப்புத் தீவனம் என்பது கால்நடைகளின் வழக்கமான தீவனத்துடன் கூடுதலாகச் சேர்க்கப்படும் எண்ணெய் வித்துக்கள், எண்ணெய்ச் சத்துள்ள புண்ணாக்குகள், தாவர எண்ணெய்கள், மீன் எண்ணெய், பதப்படுத்தப்பட்ட கொழுப்பு ஆகியவற்றைக் குறிக்கும். இவை முதன்மையாக ஆற்றலுக்காகவே கொடுக்கப்படுகின்றன. எனினும், பொலிகாளை, ஆட்டுக்கிடா, ஆண்பன்றி, சேவல் போன்ற ஆண் விலங்குகளில் இவை விந்தின் தரத்தையும் மாற்றவல்லவை. இம்மாற்றம் நன்மையாகவோ தீமையாகவோ அமையலாம். கொடுக்கப்படும் கொழுப்பின் அளவை விட, அது எவ்வகைக் கொழுப்பு, அதனுடன் சேர்ந்து உடலுக்குள் செல்லும் பிற பொருட்கள் யாவை என்பனவே விளைவைப் பெரிதும் முடிவு செய்கின்றன. தமிழ்நாட்டின் கொங்கு வட்டாரத்தில் மாடுகளுக்குத் தொன்றுதொட்டு அளிக்கப்பட்டு வரும் பருத்திக்கொட்டை இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும்.

பசு ஒன்று கருவுறாவிடில் அந்த ஆண்டில் இழப்பது ஒரு கன்று மட்டுமே. ஆனால் பல ஊர்களுக்குப் பொதுவான ஒரு பொலிகாளையின் விந்து பழுதுபட்டால் அவ்வூர்களின் பசுக்கள் பலவும் சினைப்படாமல் போகும். ஆகவே ஆண் விலங்கின் தீவனம், எண்ணிக்கை குறைந்துவரும் நாட்டு மாட்டு இனங்களின் பாதுகாப்புடன் நேரடித் தொடர்பு கொண்டதாகும்.

கொங்கு வட்டாரப் பின்னணி

திருப்பூர் மாவட்டம் 2009ஆம் ஆண்டு கோயம்புத்தூர், ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து உருவாக்கப்பட்டது. பின்னலாடைத் தொழிலுக்குப் பெயர் பெற்ற திருப்பூர் நகரின் நல்லூர்ப் பகுதி, காங்கேயம் செல்லும் சாலையில் அமைந்துள்ளது. முன்னர் தனி நகராட்சியாக இருந்த நல்லூர், 2011ஆம் ஆண்டு திருப்பூர் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்டது. இச்சாலையில் நகரத்தைக் கடந்து சென்றால் காங்கேயம் மாட்டினத்தின் தாயகம் தொடங்குகிறது. காங்கேயம், தாராபுரம், பெருந்துறை, ஈரோடு, பவானி ஆகிய வட்டாரங்களில் இவ்வினம் பரவியுள்ளது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தினர் இவ்வினத்தைத் தேர்ந்தெடுத்து வளர்த்துச் செம்மைப்படுத்தியமைக்காக அறியப்படுகின்றனர்.

இப்பகுதியின் மேய்ச்சல் நிலங்கள் கொறங்காடு எனப்படுகின்றன. கிளுவை முள்வேலியால் சூழப்பட்டு, கொழுக்கட்டைப்புல்லும் வெள்வேல மரங்களும் நிறைந்த தனியார் நிலங்கள் இவை. மழைக்காலத்தில் மாடுகளுக்கு இங்கு பசும்புல் கிடைக்கிறது. கோடையில் சோளத்தட்டு போன்ற உலர்தீவனத்துடன் பருத்திக்கொட்டை, புண்ணாக்கு, தவிடு ஆகியன கொடுக்கப்படுகின்றன. பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டி, கழுநீரில் கலந்து வைப்பது பழைய வழக்கமாகும். பொலிகாளை இப்பகுதியில் பூச்சிக்காளை என்றும் அழைக்கப்படுகிறது. வெள்ளகோவிலுக்கு அருகிலுள்ள கண்ணபுரம் மாட்டுச்சந்தைக்கும் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தைக்கும் கொண்டு செல்லப்படும் காளைகளின் தோற்றப் பொலிவு விலையைப் பாதிக்கும் என்பதால், அவற்றுக்குச் செறிவான தீவனம் அளிப்பது வழக்கம்.

பருத்திக்கும் மாட்டுக்கும் உள்ள தொடர்பு பஞ்சு அரைவை ஆலைகளில் உருவாகிறது. அறுவடை செய்த பருத்தியை அரைக்கும்போது எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே பஞ்சாகக் கிடைக்கும். எஞ்சியதில் பெரும்பகுதி விதையாகும். பஞ்சு நூலாகி ஆடைத் தொழிலுக்குச் செல்ல, விதை எண்ணெய் ஆலைகளுக்கும் மாட்டுத் தொழுவங்களுக்கும் செல்கிறது.

விந்தணுவில் கொழுப்பின் பங்கு

விந்தணு மிகக் குறைந்த உட்பொருளைக் கொண்ட உயிரணுவாகும். தலையில் மரபுப்பொருள், நடுப்பகுதியில் ஆற்றல் தரும் இழைமணிகள், நீந்துவதற்கான வால் ஆகியவற்றைத் தவிர அதில் வேறு உறுப்புகள் அதிகம் இல்லை. இவற்றைச் சூழ்ந்துள்ள மென்படலம் கொழுப்பால் ஆனது. இப்படலத்தில் பன்னிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் மிகுதியாக உள்ளன. அவையே படலத்துக்கு நெகிழ்வுத்தன்மையை அளிக்கின்றன. வால் அசைவதற்கும், முட்டையின் படலத்துடன் விந்தணு இணைவதற்கும் இந்நெகிழ்வு இன்றியமையாதது.

காளை, ஆட்டுக்கிடா ஆகியவற்றின் விந்தணுக்களில் ஒமேகா-3 வகையைச் சேர்ந்த டோகோசாஎக்சயீனோயிக் அமிலம் (டி.எச்.ஏ.) முதன்மையானது. சேவலின் விந்தணுக்களில் ஒமேகா-6 வகை அமிலங்களே மிகுந்துள்ளன. இவ்விரு வகைகளுக்கும் மூலப்பொருட்களான ஆல்ஃபா-லினோலெனிக் அமிலம், லினோலெயிக் அமிலம் ஆகியவற்றை விலங்குகளின் உடலால் உருவாக்க இயலாது. அவை தீவனத்தின் வழியாகவே கிடைக்க வேண்டும்.

கொழுப்புடன் தொடர்புடைய மற்றொரு பொருள் கொலஸ்டிரால் ஆகும். விந்தகத்திலுள்ள லேடிக் உயிரணுக்கள் கொலஸ்டிராலில் இருந்தே டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண் இயக்குநீரை உருவாக்குகின்றன. விந்தணுப் படலத்தின் உறுதியையும் கொலஸ்டிரால் பாதிக்கிறது.

பன்னிறைவுறாக் கொழுப்பு அமிலங்களுக்கு ஒரு குறையும் உண்டு. இவை ஆக்சிசனுடன் எளிதில் வினைபுரிந்து சிதைகின்றன. விந்தணுவில் இச்சிதைவைத் தடுக்கும் நொதிகள் குறைவு. ஆகவே படலத்தில் இவ்வமிலங்கள் கூடும்போது வைட்டமின் ஈ, செலினியம் போன்ற ஆக்சிசனேற்றத் தடுப்புப் பொருட்களின் தேவையும் கூடுகிறது. இப்பாதுகாப்பு இன்றிக் கொழுப்பை மட்டும் கூட்டினால் எதிர்பார்த்ததற்கு மாறான விளைவு ஏற்படலாம்.

விளைவு தெரிய ஆகும் காலம்

தீவனத்தை மாற்றியவுடன் விந்தின் தரம் மாறுவதில்லை. விந்தணு முழுமையாக உருவாகக் காளையில் ஏறத்தாழ 61 நாட்களும், ஆட்டுக்கிடாவில் ஏறத்தாழ 47 நாட்களும், ஆண்பன்றியில் ஏறத்தாழ 39 நாட்களும், சேவலில் ஏறத்தாழ இரண்டு வாரங்களும் ஆகின்றன. பாலூட்டிகளில் இதன் பின்னர் எபிடிடைமிஸ் எனப்படும் சுருள்குழலைக் கடந்து முதிர்ச்சியடைய மேலும் ஒன்று முதல் இரண்டு வாரங்கள் தேவைப்படும். எனவே காளைக்கு இன்று தொடங்கும் தீவன மாற்றத்தின் முழு விளைவு இரண்டரை மாதங்களுக்குப் பின்னரே விந்தில் தெரியும். தீங்கு விளைவிக்கும் தீவனத்தை நிறுத்திய பின் தரம் மீள்வதற்கும் இதே கால அளவு தேவை.

அசையூண் வயிறும் கொழுப்பும்

மாடு, எருமை, ஆடு ஆகிய அசைபோடும் விலங்குகளில் தீவனக் கொழுப்பு உண்ட வடிவத்திலேயே குடலைச் சென்றடைவதில்லை. முதல் வயிறான அசையூண் வயிற்றில் வாழும் நுண்ணுயிரிகள் கொழுப்பைப் பிரித்து, நிறைவுறாக் கொழுப்பு அமிலங்களின் பெரும்பகுதியை ஐதரசனேற்றம் செய்து நிறைவுற்றவையாக மாற்றிவிடுகின்றன. லினோலெயிக் அமிலமும் லினோலெனிக் அமிலமும் இவ்வாறு ஸ்டியரிக் அமிலமாக மாறுகின்றன. ஒமேகா-3 நிறைந்த எண்ணெயைக் காளைக்கு ஊற்றினாலும் அதில் சிறுபகுதியே விந்தகம் வரை செல்வதற்குக் காரணம் இதுவே. பன்றியிலும் கோழியிலும் இத்தகைய மாற்றம் இல்லாததால், உண்ட கொழுப்பின் தன்மை விந்தணுவில் தெளிவாக வெளிப்படுகிறது.

கொழுப்பு மிகுந்தால் நார்ச்சத்தைச் செரிக்கும் நுண்ணுயிரிகளின் செயற்பாடும் குறைகிறது. இதனால் மாடு உண்ணும் தட்டும் வைக்கோலும் சரியாகச் செரிப்பதில்லை. மொத்தத் தீவனத்தின் உலர் எடையில் கொழுப்பு 6 முதல் 7 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்பது பொதுவான வரையறை.

இச்சிக்கலைத் தவிர்க்கப் பின்வரும் முறைகள் கையாளப்படுகின்றன:

* முழு விதையாகக் கொடுத்தல். விதையின் உறையும் நாரும் எண்ணெயை மெதுவாகவே வெளிவிடும்.
* கால்சியத்துடன் சேர்த்த கொழுப்பு. இது அசையூண் வயிற்றில் பெருமளவு கரையாமல் கடந்து, அமிலத்தன்மை மிகுந்த நான்காம் வயிற்றில் பிரிகிறது. இது "பைபாஸ் கொழுப்பு" என்ற பெயரில் விற்கப்படுகிறது.

பெரும்பாலான பைபாஸ் கொழுப்புகள் பாமாயிலில் இருந்து தயாரிக்கப்படுவதால், அவை ஆற்றலைக் கொடுத்தாலும் ஒமேகா-3 அமிலங்களை அளிப்பதில்லை.

கொழுப்புத் தீவன வகைகள்

* பருத்திக்கொட்டை: ஏறத்தாழ 18 முதல் 20 விழுக்காடு எண்ணெய் கொண்டது. புரதமும் நாரும் மிகுதி. இதன் எண்ணெயில் பாதிக்கு மேல் லினோலெயிக் அமிலமாகும். கோசிபோல் என்னும் நச்சு நிறமி இதில் உள்ளது.
* நிலக்கடலைப் புண்ணாக்கு: செக்கிலும் அழுத்து இயந்திரத்திலும் பிழியப்பட்ட புண்ணாக்கில் எண்ணெய் ஓரளவு எஞ்சியிருக்கும். ஈரத்தில் சேமித்தால் பூஞ்சை பிடித்து அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சு உருவாகும்.
* தேங்காய்ப் புண்ணாக்கு: இதன் கொழுப்பில் லாரிக் அமிலம் முதலான நிறைவுற்ற அமிலங்களே பெரும்பகுதி. ஆற்றலுக்கு உகந்தது. ஆனால் விந்தணுவுக்குத் தேவையான நிறைவுறா அமிலங்கள் இதில் குறைவு.
* எள்ளுப் புண்ணாக்கு: லினோலெயிக் அமிலம் கொண்டது.
* அரிசித் தவிடு: எண்ணெய் எடுக்காத தவிட்டில் கொழுப்பு மிகுதி. அரைத்த சில நாட்களிலேயே சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும்.
* சூரியகாந்தி விதை: லினோலெயிக் அமிலம் மிகுந்தது.
* ஆளிவிதை: எண்ணெயில் ஏறத்தாழ பாதி ஆல்ஃபா-லினோலெனிக் அமிலம். ஒமேகா-3 வகைக்கு முதன்மையான தாவர மூலம். தமிழ்நாட்டில் தீவனமாகப் பரவலாகக் கிடைப்பதில்லை.
* மீன் எண்ணெய், கடற்பாசி வகைகள்: டி.எச்.ஏ. நேரடியாகக் கிடைக்கும் மூலங்கள். விலையும் வாடையும் தடைகளாக உள்ளன.

பசும்புல்லும் ஒரு கொழுப்பு மூலமே என்பது பொதுவாகக் கவனிக்கப்படுவதில்லை. புல்லின் உலர் எடையில் கொழுப்பு சில விழுக்காடு மட்டுமே. எனினும் அதில் ஆல்ஃபா-லினோலெனிக் அமிலமே மிகுதி. வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின் ஆகியனவும் அதனுடன் சேர்ந்தே கிடைக்கின்றன. புல் காய்ந்து வெளுக்கும்போது இவை மூன்றும் குறைகின்றன. ஆகவே கோடையில் கொறங்காட்டு மாடு இழப்பது ஆற்றலை மட்டுமன்று.

விலங்கினம் வாரியான ஆய்வு முடிவுகள்

காளையும் எருமைக்கிடாவும்

காளைகளில் ஒமேகா-3 சேர்த்த ஆய்வுகளின் முடிவுகள் ஒரே தன்மையன அல்ல. சிலவற்றில் விந்தணுக்களின் அசைவு மேம்பட்டது. வேறு சிலவற்றில் விந்தணுவின் கொழுப்பு அமைப்பு மாறியபோதிலும் தரத்தில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பாகிஸ்தானில் நீலி-ராவி எருமைக்கிடாக்களுக்குச் சூரியகாந்தி விதையைக் கொழுப்பு மூலமாகக் கொடுத்து நடத்தப்பட்டு 2009இல் வெளியான ஆய்வில், புதிய விந்து, உறைநிலையிலிருந்து மீட்ட விந்து ஆகிய இரண்டின் தரமும் உயர்ந்ததாகக் கண்டறியப்பட்டது.

ஆட்டுக்கிடா

ஈரானில் செம்மறிக் கிடாக்களில் நடந்த ஆய்வுகளில், மீன் எண்ணெய் சேர்த்த தீவனம் விந்தின் தரத்தை மேம்படுத்தியது. கொங்கு வட்டாரத்தின் மேச்சேரி, கோயம்புத்தூர்க் குறும்பை போன்ற செம்மறி இனங்கள் பெரும்பாலும் மேய்ச்சலையே நம்பி வாழ்கின்றன. மந்தைக்கு ஓரிரு கிடாக்களே விடப்படுவதால், ஒரு கிடாவின் தரக்குறைவு அந்தப் பருவத்துக் குட்டிகளின் எண்ணிக்கையில் வெளிப்படும்.

ஆண்பன்றி

கொழுப்பின் தாக்கம் தெளிவாகக் காணப்பட்ட விலங்கு இதுவாகும். சூரை மீன் எண்ணெய் கொடுக்கப்பட்ட ஆண்பன்றிகளின் விந்தணுக்களில் டி.எச்.ஏ. அளவு உயர்ந்ததையும், இயல்பான வடிவமுள்ள விந்தணுக்களின் பங்கு கூடியதையும் 2001இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. பின்னர் நடந்த ஆய்வுகள் சிலவற்றில் இந்த அளவு நன்மை காணப்படவில்லை.

சேவல்

திருப்பூர் மாவட்டத்துப் பல்லடம், கறிக்கோழி வளர்ப்பின் முதன்மை மையங்களில் ஒன்றாகும். கறிக்கோழிக் குஞ்சுகளை உற்பத்தி செய்யும் தாய்க்கோழிப் பண்ணைகளில் சேவல்களின் கருவூட்டும் திறன் வயதுடன் குறைகிறது. தீவனத்தில் லினோலெனிக் அமிலமும் போதிய வைட்டமின் ஈயும் சேர்க்கும்போது இக்குறைவு தணிவதாக ஆய்வுகள் தெரிவிக்கின்றன. மறுபுறம், கறிக்கோழி இனச் சேவல்கள் மிக விரைவில் கொழுக்கும் இயல்புடையவை. எடை மிகுந்த சேவல் இணைசேர இயலாமல் போவதால், சேவல்களுக்கும் கோழிகளுக்கும் தனித்தனியே அளவிட்டுத் தீவனம் அளிக்கப்படுகிறது.

பருத்திக்கொட்டையும் கோசிபோலும்

கோசிபோல் என்பது பருத்திச் செடி பூச்சிகளிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ள உருவாக்கும் மஞ்சள் நிறமியாகும். விதைப் பருப்பை வெட்டிப் பார்த்தால் தெரியும் கரும்புள்ளிகள், இந்நிறமியைச் சேமித்து வைக்கும் சுரப்பிகளாகும். இது விந்தணு உருவாக்கத்தைத் தடுக்கும் இயல்புடையது.

இவ்வியல்பு சீனாவில் மனிதர்களிடமே முதலில் தெரியவந்தது. 1950களில், சுத்திகரிக்கப்படாத பருத்தி விதை எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்திய சிற்றூர்களில் குழந்தைப்பேறு குறைந்தது கவனிக்கப்பட்டது. 1970களில் கோசிபோலை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகப் பயன்படுத்தும் முயற்சி தொடங்கியது. 8,000க்கும் மேற்பட்ட ஆண்களிடம் அது சோதிக்கப்பட்டது. விந்தணு எண்ணிக்கை குறைந்தபோதிலும், சிலருக்கு இரத்தத்தில் பொட்டாசியம் அளவு இறங்கியது. சிலருக்கு மருந்தை நிறுத்திய பின்னரும் விந்தணு உற்பத்தி மீளவில்லை. இதனால் அம்முயற்சி கைவிடப்பட்டது.

அசைபோடும் விலங்குகள் கோசிபோலைத் தாங்குபவை என்று நெடுங்காலம் கருதப்பட்டது. அசையூண் வயிற்றில் கோசிபோல் புரதங்களுடன் பிணைந்து செயலிழப்பதே இதற்குக் காரணம். பால் கறக்கும் மாட்டில் வெளிப்படையான தீங்கு தெரியாததால் இக்கருத்து வலுப்பெற்றது. ஆனால் அமெரிக்காவின் புளோரிடாவில் இளம் பிராமன் காளைகளில் நடத்தப்பட்டு 1994இல் வெளியான ஆய்வு வேறுவிதமான முடிவைத் தந்தது. கோசிபோல் அடங்கிய பருத்தி விதைத் தீவனம் உண்ட காளைகளில், வெளித்தோற்றத்தில் நோய் எதுவும் இல்லாத நிலையிலேயே, விந்தணுக்களின் நடுப்பகுதியில் குறைபாடுகள் பெருகின. நாளொன்றுக்கு உருவாகும் விந்தணுக்களின் அளவும் குறைந்தது. பிராமன் என்பது இந்தியாவிலிருந்து கொண்டு செல்லப்பட்ட திமில் மாட்டினங்களிலிருந்து அமெரிக்காவில் உருவாக்கப்பட்ட இனமாகும். அதனால் இம்முடிவு இந்திய மாடுகளுக்கும் பொருத்தமுடையது.

நடுப்பகுதியில் உள்ள இழைமணிகளே வாலுக்கு ஆற்றல் தருவன. அவை சிதையும்போது விந்தணு நீந்தும் திறனை இழக்கிறது. காளை வழக்கம்போல் இணைசேர்ந்தாலும் பசு சினைப்படாமல் மீண்டும் பருவத்துக்கு வரும். இத்தகைய நிலையில் குறை பசுவிடம் இருப்பதாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது.

1998இல் வெளியான மற்றொரு புளோரிடா ஆய்வில், ஓல்ஸ்டீன் காளைகளுக்கு உடல் எடையில் ஒரு கிலோகிராமுக்கு நாளொன்றுக்கு 14 மில்லிகிராம் வீதம் கட்டற்ற கோசிபோல் கிடைக்குமாறு தீவனம் அளிக்கப்பட்டது. இக்காளைகளின் விந்தில் குறையுள்ள விந்தணுக்கள் கூடின. அதே அளவு கோசிபோலுடன் நாளொன்றுக்கு 4,000 அலகு வைட்டமின் ஈ கொடுக்கப்பட்ட காளைகளில் இப்பாதிப்பு பெரும்பாலும் தடுக்கப்பட்டது. கோசிபோலின் தீங்கு ஓரளவாவது ஆக்சிசனேற்றச் சிதைவின் வழியாக நிகழ்கிறது என்பதை இது உணர்த்துகிறது.

கோசிபோல் அளவு பருத்தி வகை, விளையும் சூழல், பதப்படுத்தும் முறை ஆகியவற்றுக்கு ஏற்ப மாறுபடும். அழுத்து இயந்திரத்தில் வெப்பத்துடன் பிழியும்போது கோசிபோலின் ஒரு பகுதி புரதத்துடன் பிணைந்து செயலற்றதாகிறது. முழு விதையில் இருப்பது பெரும்பாலும் கட்டற்ற வடிவமாகும். ஆயினும் அது மெதுவாகவே வெளிப்படுகிறது. ஆகவே விதையையும் புண்ணாக்கையும் எடைக்கு எடை ஒப்பிடுதல் சரியாகாது. அசையூண் வயிறு முழு வளர்ச்சி அடையாத இளங்கன்றுகளுக்குக் கோசிபோல் உயிருக்கே ஆபத்தானது. பன்றி, கோழி ஆகியவையும் இதனால் எளிதில் பாதிக்கப்படுபவை.

காளைகளில் இப்பாதிப்பு பெரும்பாலும் நிலையானதன்று. தீவனத்தை நிறுத்திய பின் புதிய விந்தணுக்கள் உருவாகும் கால அளவில் தரம் மீள்கிறது.

கோசிபோல் அற்ற பருத்தி

சுரப்பிகளற்ற பருத்தி வகைகள் அமெரிக்காவில் 1950களிலேயே உருவாக்கப்பட்டன. செடி முழுவதும் கோசிபோல் இல்லாததால் அவை பூச்சிகளுக்கு இரையாயின. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தின் கீர்த்தி ரத்தோர் தலைமையிலான குழு, விதையில் மட்டும் கோசிபோல் குறைந்து இலையிலும் தண்டிலும் வழக்கம்போல் இருக்கும் பருத்தியை மரபணுத் தொழில்நுட்பத்தின் மூலம் உருவாக்கி 2006இல் அறிவித்தது. 2018இல் அமெரிக்க வேளாண் துறையும், 2019இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகமும் இதற்கு ஒப்புதல் அளித்தன. இந்தியாவில் 2002 முதல் சாகுபடி செய்யப்படும் பி.டி. பருத்தி இதனின்று வேறானது. அது காய்ப்புழுவை எதிர்ப்பதற்காக உருவாக்கப்பட்டது. விதையின் கோசிபோலைக் குறைப்பது அதன் நோக்கமன்று.

மிகுதியான கொழுப்பின் தீமைகள்

விந்தகம் உடல் வெப்பநிலையைவிட 2 முதல் 6 பாகை செல்சியசு குறைவான வெப்பநிலையிலேயே செவ்வனே இயங்கும். இதற்காகவே அது உடலுக்கு வெளியே விதைப்பையில் தொங்குகிறது. செறிவான தீவனத்தால் கொழுத்த காளையில், விதைப்பையின் கழுத்துப் பகுதியில் கொழுப்பு படிந்து வெப்பம் வெளியேறுவதைத் தடுக்கிறது. 1980களில் கனடாவில் எரிஃபோர்டு, ஆங்கசு காளைகளில் நடந்த ஆய்வுகளில், ஆற்றல் மிகுந்த தீவனம் உண்ட காளைகளின் விந்தணு இருப்பும் தரமும் மிதமான தீவனம் உண்டவற்றைவிடக் குறைவாக இருந்தன. தமிழ்நாட்டின் கோடை வெப்பத்தில் இக்காரணி மேலும் முக்கியத்துவம் பெறுகிறது. மேலும், கொழுத்த காளைக்குக் கால், மூட்டுச் சிக்கல்கள் ஏற்பட்டு இணைசேரும் திறனும் ஊக்கமும் குறைகின்றன.

சந்தையில் விலை பெற்றுத் தரும் கொழுத்த தோற்றமும், நல்ல விந்துக்கு உகந்த உடல்நிலையும் ஒன்றல்ல. விலா எலும்புகள் துருத்தாமலும், முற்றிலும் மறைந்துவிடாமலும் உள்ள நடுத்தர உடல்நிலையே பொலிகாளைக்கு ஏற்றது.

கெட்டுப்போன கொழுப்பும் தீங்கானது. சிக்கு வாடை வீசும் தவிடும் எண்ணெயும் ஆக்சிசனேற்றமடைந்த சேர்மங்களைக் கொண்டுள்ளன. இவை தீவனத்திலுள்ள வைட்டமின் ஈயை அழிப்பதுடன், விந்தணுப் படலத்தைப் பாதுகாக்கும் திறனையும் குறைக்கின்றன.

உறைவிந்து உற்பத்தியில்

செயற்கை முறைக் கருவூட்டலுக்கான விந்து, திரவ நைதரசனில் -196 பாகை செல்சியசு வெப்பநிலையில் சேமிக்கப்படுகிறது. உறையவைத்து மீட்கும்போது விந்தணுக்களில் பெரும் பகுதி இறக்கிறது. படலத்தின் கொழுப்பு குளிரில் இறுகி விரிசலடைவது இதற்கு முதன்மையான காரணங்களுள் ஒன்று. படலத்தைக் காக்கவே முட்டை மஞ்சள் கரு போன்ற கொழுப்புப் பொருட்கள் விந்து நீர்ப்பானில் சேர்க்கப்படுகின்றன. தீவனத்தின் மூலம் படலத்தின் கொழுப்பு அமைப்பை மேம்படுத்த இயலுமா என்பதே இத்துறை ஆய்வுகளின் முக்கிய நோக்கமாகும்.

இந்திய விந்து நிலையங்களுக்கான தர நெறிமுறைப்படி ஒரு குச்சியில் 2 கோடி விந்தணுக்கள் இருக்க வேண்டும். உறைநிலையிலிருந்து மீட்டபின் குறைந்தது 50 விழுக்காடு விந்தணுக்கள் முன்னோக்கி நீந்த வேண்டும். இவ்வளவை எட்டாத விந்து ஒதுக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் ஓசூர், ஈச்சங்கோட்டை, உதகமண்டலம் ஆகிய இடங்களில் உறைவிந்து நிலையங்கள் உள்ளன. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் காங்கேயம் மாட்டின ஆராய்ச்சி நிலையம் ஈரோடு மாவட்டம் சத்தியமங்கலத்தில் அமைந்துள்ளது.

நிலையங்களில் விந்து நுண்ணோக்கியில் ஆராயப்படுவதால் குறை உடனே தெரிந்துவிடும். ஊர்ப் பூச்சிக்காளையிடம் பசுவை நேரடியாகச் சேர்க்கும் முறையில் இத்தகைய சோதனை இல்லை. சினைப்பிடிப்பு தொடர்ந்து தவறிய பின்னரே குறை வெளிப்படுகிறது.

நடைமுறை அளவுகள்

400 கிலோ எடையுள்ள ஒரு காளை நாளொன்றுக்கு ஏறத்தாழ 8 முதல் 10 கிலோ உலர் எடையுள்ள தீவனத்தை உண்ணும். 6 விழுக்காடு என்னும் வரையறைப்படி இதில் மொத்தக் கொழுப்பு ஏறத்தாழ 500 முதல் 600 கிராம் வரை இருக்கலாம். புல், தட்டு ஆகியவற்றிலேயே 200 கிராம் அளவுக்குக் கொழுப்பு இருப்பதால், கூடுதலாகச் சேர்க்கக்கூடியது 300 முதல் 400 கிராம் மட்டுமே. ஒரு கிலோ பருத்திக்கொட்டையில் 180 முதல் 200 கிராம் எண்ணெய் உள்ளது.

கட்டற்ற கோசிபோல் விதையில் 0.5 விழுக்காடு எனக் கொண்டால், ஒரு கிலோ விதையில் 5 கிராம் இருக்கும். 1998ஆம் ஆண்டு ஆய்வில் பாதிப்பை ஏற்படுத்திய அளவு 400 கிலோ எடையுள்ள காளைக்கு நாளொன்றுக்கு 5.6 கிராம் ஆகும். முழு விதையிலிருந்து கோசிபோல் மெதுவாக வெளிப்படுவதால் இரண்டும் நேர் இணையானவை அல்ல. எனினும், கொழுப்பு வரையறையை எட்டுவதற்கு முன்னரே கோசிபோல் கவலைக்குரிய அளவை நெருங்கக்கூடும் என்பது இக்கணக்கால் விளங்கும்.

இவற்றின் அடிப்படையில் பொலிகாளைகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுபவை:

* இனச்சேர்க்கைக்குப் பயன்படும் காளைக்கும், வளரும் இளங்காளைக்கும் பருத்திக்கொட்டையையும் பருத்திப் புண்ணாக்கையும் முதன்மைத் தீவனமாக்காமல் இருத்தல்; கறவை மாடு, உழவு எருது ஆகியவற்றுக்குக் கொடுக்கும் அளவைப் பொலிகாளைக்கும் பின்பற்றாதிருத்தல்.
* கோசிபோல் இல்லாத நிலக்கடலை, எள், தேங்காய்ப் புண்ணாக்குகளைப் பூஞ்சையின்றி உலர்வாகச் சேமித்து, மாற்றி மாற்றிக் கொடுத்தல்.
* ஆண்டு முழுவதும் இயன்றவரை பசுந்தீவனம் அளித்தல். இயலாத கோடை மாதங்களில் வைட்டமின் ஈ, செலினியம் உள்ளிட்ட தாது உப்புக் கலவையைக் கால்நடை மருத்துவரின் அறிவுரைப்படி சேர்த்தல்.
* தவிட்டைப் புதிதாக வாங்கிக் குறுகிய காலத்தில் பயன்படுத்துதல்.
* தீவன மாற்றத்தை இனச்சேர்க்கைக் காலத்துக்கு இரண்டரை மாதங்களுக்கு முன்னரே தொடங்குதல்.
* பசுக்கள் பல தொடர்ந்து சினைப்படாதபோது காளையின் விந்தையும் சோதித்தல்.

ஆய்வுகளின் வரம்புகள்

இத்துறை ஆய்வுகளில் பெரும்பாலானவை குறைந்த எண்ணிக்கையிலான விலங்குகளைக் கொண்டு சில மாதங்கள் மட்டும் நடத்தப்பட்டவை. பயன்படுத்திய கொழுப்பின் வகையும் அளவும் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடுகின்றன. பல ஆய்வுகள் விந்தணுக்களின் அசைவையும் வடிவத்தையும் மட்டுமே அளந்துள்ளன. ஈன்ற கன்றுகளின் எண்ணிக்கையைக் கணக்கிட்டவை குறைவு. அசைவு கூடிய விந்து கூடுதலான கன்றுகளைத் தரும் என்று எப்போதும் கொள்ள இயலாது. ஏற்கெனவே நல்ல மேய்ச்சலும் சமச்சீர் தீவனமும் பெறும் விலங்கில் கூடுதல் கொழுப்பால் கிடைக்கும் நன்மை சிறிதே என்பதும், குறைபாடுள்ள விலங்கிலேயே அது தெளிவாகத் தெரிகிறது என்பதும் இவ்வாய்வுகளின் பொதுப்போக்காக உள்ளன.

இவற்றையும் பார்க்கவும்

* காங்கேயம் காளை
* கொறங்காடு
* பருத்தி
* புண்ணாக்கு
* செயற்கை முறைக் கருவூட்டல்
* கொழுப்பு அமிலம்